தேவதாரு நிழல்

நிழல் ஊதா நிறத்தில் இருக்காது, இன்ஸ்பெக்டர். உங்கள் ஜன்னல் வழியாகப் பாருங்கள். புல்லின் மேல் விழுந்தால் கரும்பச்சை, ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. லயனல் ஸ்ட்ரேக்கர் நாற்பது வருடம் அதை ஊதாவாகவே தீட்டி, பெரிய ஓவியன் என்று பேர் வாங்கினான்.

பனிமூட்டத்தில் ரோஜா, படிக்கட்டில் முகமில்லாத வெள்ளை கவுன்காரி. அவனுக்கு முகம் வரைய வராது. அதற்குக் கனவு என்று பெயர் வைத்துக்கொண்டான்.

போன ஜூனில் திருமதி பெல்லிங்கம் எங்கள் இருவரையும் வில்ட்ஷயர் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவரது தோட்டத்தை இருவரும் வரைய வேண்டும். ஒன்றுதான் கூடத்தில் தொங்கும். மூன்றாம் வாரம் என் படத்தின் முன் நின்றார்.

"ரொம்பச் சரியா இருக்கு மிஸ்டர் ஆல்பன். எங்க தோட்டக்காரன் பாக்குற மாதிரியே இருக்கு."

லயனல் சிரித்தான். "உனக்குக் கண்ணு இருக்குடா ஆல்பன். கனவுதான் வரல."

நான் கோபப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புல்வெளி முடியும் இடத்தில் 'ஹா-ஹா' என்று ஒன்று இருக்கிறது. மாடுகள் ஏறாமலிருக்க வெட்டிய பள்ளம், உள்ளே செங்குத்தான கல்சுவர். வேலி கண்ணில் பட்டால் பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தோட்டம் ரசிக்காது. அதனால் பள்ளத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போகும்வரை தெரியாது. லயனல் அதற்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். நாலு தீற்றல் போட்டதும் பின்னால் நடந்து படத்தைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அவன் எச்சரிக்கையானவன். விளிம்புக்கு முன்னால் கைத்தடியை ஊன்றிவைத்திருந்தான். குதிகால் அதில் இடித்தால் நின்றுவிடுவான்.

அவன் தேநீர் குடிக்கப் போனபோது தடியைப் பிடுங்கிப் புதருக்குள் போட்டேன். திரும்பி வந்து வரைந்தான், பின்னால் நடந்தான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருடா. தூரத்துலேர்ந்துதான் கனவா தெரியுது," என்றேன்.

அவன் போனான்.

உடனே சாகவில்லை. கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்ல வெளிச்சம் இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை. அவன் தூரிகையை எடுத்து, அவன் படத்தில் இருந்த தேவதாரு மரத்தின் ஊதா நிழலைச் சுரண்டிவிட்டு உண்மையான நிறத்தில் தீட்டினேன். முடிக்கும்போது குரல் நின்றிருந்தது. பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

போன வாரம் லயனலின் படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். திருமதி பெல்லிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிழலைக் காட்டினார்.

"இத மட்டும் ஊதாவா தீட்டல, பாருங்க. சாவு வர்றத லயனல் முன்னாடியே கனவுல பாத்திருக்கார்."

சுற்றியிருந்த மண்டுகள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதனால்தான் வந்தேன். கொலையை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள், அது எனக்குக் கிடையாது. ஆனால் முதல் வரியில் இது இருக்கட்டும்: அந்த நிழல் நான் வரைந்தது.