ஒரே தாய்க் கொடி

உட்காருங்கள், ஐயா. தொட்டியிலிருந்து ஒயினை வடித்த பிறகு உள்ளே இறங்கி, அடியில் தங்கும் திராட்சைத் தோலை அள்ளுவதுதான் எங்கள் தொழிலில் முதுகை ஒடிக்கும் வேலை. தம்பி ஃபிர்மேன் ஒரு வருஷம்கூட அதை எனக்கு விட்டதில்லை. அவன் கெட்டவன் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

சச்சரவெல்லாம் கொடியைப் பற்றித்தான். இந்தக் காவோர் ஊர் மண்ணில் மால்பெக் திராட்சை வைத்தது அம்மாவின் அப்பா. மை போலக் கறுத்த ஒயின். நாக்கைப் பிடித்து இழுக்கும். உறைபனி விழுந்தால் முதலில் கருகுவதும் அதுதான்.

“இந்தக் கறுப்புச் சனியனோட எத்தன காலம்க்கா மல்லுக்கட்டுறது? பிடுங்கிட்டு மெர்லோ வைப்போம். குடிக்கிறவன் வாயும் நோகாது, நம்ம இடுப்பும் நோகாது” என்பான்.

கோடையில் ஆராய்ச்சி நிலையத்துப் பெண் ஒருத்தி இலை பறித்துப் போக வந்தாள். எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுவிட்டு, “எதுக்குச் சண்டை? மால்பெக்கும் மெர்லோவும் ஒரே தாய்க்குப் பிறந்ததுங்க. சாராந்த் பக்கம் பேர்கூட வைக்காம வேலியோரம் விட்டிருந்த கொடிதான் அம்மா. அப்பா மட்டும் வேற வேற” என்றாள்.

ஃபிர்மேன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்படியே எங்க வீட்டுக் கதை! அக்கா கறுப்பு, கடுகடுப்பு. நான் இளசு, இனிப்பு. எங்கம்மாவுக்கு யாரப் பிடிக்கும்னு ஊர்ல கேட்டுப் பாருங்க.”

எனக்கும் அவனுக்கும் அப்பா வேறு. நானும் சிரித்தேன்.

பழம் புளிக்கும்போது எழும் வாயு தொட்டியின் அடியில் தேங்கும், மூச்சை நிறுத்திவிடும். அதனால் ஆள் இறங்குமுன் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். அன்று காலை நான் இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது. மேலே இழுத்து மறுபடி பற்றவைத்தேன். ஃபிர்மேன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தான்.

“எரியுதாக்கா?”

“எரியுது, பாரு.”

என் கையில் எரிந்துகொண்டுதான் இருந்தது. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இறங்கினான். உள்ளேயிருந்து “அக்கா” என்று ஒரு முறை கேட்டது. பிறகு மண்வெட்டி விழுந்த சத்தம். வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். பிசுபிசுப்போடு விட்டால் எறும்பு மொய்க்கும். அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். நீங்களும் விபத்து என்று எழுதி முடித்தீர்கள்.

கொடியைக் காப்பாற்றத்தான் செய்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கொடியா? போன வாரமே பிடுங்கச் சொல்லிவிட்டேன். இந்த வயதில் யார் கவாத்து செய்வது? அலுத்துவிட்டது ஐயா.

முடிந்த வழக்கை நானே எதற்குக் கிளறுகிறேன் என்கிறீர்கள். அம்மாவின் கல்லறையில் ஓர் இடம்தான் மீதி இருந்தது. அதிலும் அவனைத்தான் வைத்தார்கள்.