சோதிக்காததற்குச் சான்று தராத ஆறுமுகநயினார் அண்ணாச்சிக்கு

அன்பும் அறமும் ஒருங்கே அமைந்த அண்ணாச்சியே, திருவொற்றியூர்த் தொழிற்கூடத்தின் சோதனைப் பிரிவைத் தோளில் சுமந்த தூயவரே, இன்று பணி ஓய்வு பெறும் தங்களுக்கு ஊழியர்கள் சார்பில் ஞானபாக்கியத்தின் வணக்கம்.

வாக்கு இயந்திரங்களைப் பெட்டியில் அடுக்குமுன், சின்னங்களுக்குப் பதிலாக வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று மீன் பெயர்களை ஒட்டி எங்களை வாக்களிக்கச் செய்வீர்கள். யார் எதை அழுத்துகிறார் என்று பார்க்காமல் முகத்தைத் திருப்பி நிற்பீர்கள்.

"நெத்திலிக்குத்தான் குத்துனேன் அண்ணாச்சி, பயப்படாம திரும்பு" என்பார் என் கணவர் சைமன்.

"சும்மா இருல. அடுத்த ஆளு வாங்க" என்பீர்கள். கூடமே சிரிக்கும்.

பிறகு நம் கம்பெனியின் பெரும்பங்கு வெளிநாட்டார் கைக்குப் போனது. பெயர்ப்பலகை மாறவில்லை. இயந்திரத்துக்கு மூளையான சில்லு மட்டும் முத்திரையிட்டு அங்கிருந்து வரத் தொடங்கியது. அதைச் சோதிக்கத் தங்களுக்கே அனுமதியில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் ஆய்வுக்கு வந்தபோது, எல்லாம் பழையபடிதான் என்றார் மேலாளர். தங்களையும் கேட்டார்கள்.

"பொத்தானுக்கு நான் பொறுப்பு. உள்ளே இருக்கிற சில்லு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. முதலாளியைத்தான் கேட்க வேண்டும். அவர் இப்போது இந்த நாட்டிலேயே இல்லை" என்றீர்கள்.

ஆர்டர் கைவிட்டுப் போனது. வாக்கு இயந்திரப் பிரிவையே மூடினார்கள். தங்களை மின்விசிறி ரெகுலேட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒப்பந்த ஊழியரான சைமன் வேலையிழந்து, மணலியில் டேங்கர் லாரி வேலைக்குப் போய், மறு வருடம் நெஞ்சுவலியில் இறந்தார். அடக்கத்துக்கு வந்த தாங்கள் அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பேக்கிங் பிரிவில் என்னைக் கண்டாலும் வேறு வழியாகப் போகிறீர்கள்.

இதைப் பாராட்டு மடலில் எழுதலாமா என்று தோழர்களைக் கேட்டேன். "எழுதுக்கா, வேற எப்போ சொல்லப் போற?" என்றாள் மோகனப்ரியா.

வேலை போனதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. இல்லையென்று எழுதி, அந்தப் பொய்யைக் கண்ணாடி போட்டுத் தங்கள் சுவரில் மாட்டச் சொல்ல மனமில்லை. ஆனால் அந்த வருத்தம் தங்கள் மேல் அன்று. மணலியிலிருந்து களைத்து வந்த ஒரு மாலை சைமன் சொன்னார்: "அண்ணாச்சி ஆமான்னு தலயாட்டியிருந்தா நான் இன்னும் அங்கதான் வேல செஞ்சிகினு இருப்பேன். ஆனா எலெக்சன் அன்னிக்கு எந்த நம்பிக்கைல போய் குத்துவேன்?"

இத்தனை நாள் இதைத் தங்களிடம் சேர்க்க வழியில்லாமல் இருந்தது.

நோயின்றி, நெஞ்சில் பாரமின்றி, மதினியோடு நெடுங்காலம் வாழ்க. வரும் ஞாயிறு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். தாங்கள் வந்தபின்தான் இலை போடுவேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பை மறவாத ஊழியர்கள்
எழுதி வாசித்தவர்: ஞானபாக்கியம் சைமன், பேக்கிங் பிரிவு