மூடற்க

கரியில் வாட்டிய கோழி எனக்கும் பிடிக்கும். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மருமகன் ஹரிபிரசாத் மீதும் அவர் வாங்கிவந்த புகையடுப்பின் மீதும் எனக்குத் தொடக்கம் முதலே வெறுப்பு இருந்தது என்று காவல் ஆய்வாளராகிய தாங்கள் கருதக்கூடும். அவ்வாறு இல்லை. ஞாயிறுதோறும் சாங்விப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் அவர் அதனை மூட்டுவார். வெந்த முதல் துண்டை என் தட்டில்தான் வைப்பார்.

என் பெயர் ஜெகதீசன். மராட்டிய மண்ணில், தேஹு ரோடு என்னும் ஊரில், படைக்கலக் கிடங்கு ஊழியரின் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தேன். ஓய்வு பெற்றபின் என் ஒரே மகள் அகல்யாவின் வீட்டில் வசிக்கிறேன். அவளும் என் வகுப்பில் பயின்றவளே. பகுபத உறுப்பிலக்கணத்தில் நான் முழு மதிப்பெண் வழங்கிய மாணவர் இருவர். அவருள் அவள் ஒருத்தி.

ஹரிபிரசாத் கோயம்புத்தூர்க்காரர், கணினித் துறையில் பணி. பள்ளியில் தமிழுக்குப் பதிலாக இந்தி எடுத்தவர். தமிழை எழுத்துக் கூட்டி, உரக்கச் சொல்லித்தான் படிப்பார். சொன்னது தம் ஊர்ப் பேச்சுப்போல் காதில் விழுந்தால் அதுவே பொருள் என்று கொள்வார். ‘செல்லும் வழி’ என்னும் பலகையைப் படித்துவிட்டு, போற வழிங்களா மாமா என்று என்னிடம் உறுதிப்படுத்திக்கொண்டது நினைவிருக்கிறது. இதனை நான் குறையாகக் கூறவில்லை. தாங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சென்ற மே மாதத்தில் ஒரு நாள் அடுப்பின் சாம்பலைச் செடிகளுக்கு இடுவதற்காக அள்ளினேன். பாதி கருகிய தாள் ஒன்று கையில் வந்தது. அதில் என் கையெழுத்து இருந்தது. வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் குறித்து, மாணவர் செய்த பிழைகளிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் தொகுத்த குறிப்புகள் நான்கு கட்டுகளாக மாடிப்படியின் கீழே ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன. சென்று பார்த்தேன். பெட்டி இருந்தது. அடியில் நூல்கயிறு கிடந்தது.

ஹரிபிரசாத் மறைக்கவில்லை.

“பழைய பரிட்சைப் பேப்பருன்னு நெனச்சுட்டனுங்க மாமா. கரி பத்தவெக்க நல்லா எரிஞ்சுதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க” என்றார்.

அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் கால்களைத் தொட்டார். மறுவாரமே ஒரு மடிக்கணினி வாங்கிவந்து, நான் சொல்லச் சொல்லத் தாமே தட்டச்சு செய்து தருவதாகக் கூறினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஒற்றிலக்கணம் தட்டச்சு செய்வதாகச் சொன்னார். போகட்டும் மாப்பிள்ளை என்றேன். அன்றும் கோழி இருந்தது, உண்டேன். பதினோரு ஞாயிறுகள் நான் எதனால் வெந்த கோழியை உண்டேன் என்பதை அப்போது அறிந்திருந்தேன் என்பதே வேறுபாடு.

ஜூனில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அலுவலக நண்பர் இருபத்தைவரை விருந்துக்கு அழைத்தார். அடுப்பிலோ ஆறு கோழிகளுக்கு மேல் இடமில்லை. புதிதாக ஒன்று வாங்கலாமா என்று அகல்யாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இருப்பதையே பெரிதாக்கித் தருகிறேன் என்றேன். திருத்தியமைப்பது என் தொழில்தானே. இருவரும் மகிழ்ந்தார்கள். நான் மனம் தேறிவிட்டேன் என்று அகல்யா தொலைபேசியில் யாரிடமோ சொன்னது என் அறைக்குக் கேட்டது.

வரைபடம் நானே இட்டேன். போசரியில் ஒரு வெல்டரிடம் கொடுத்து, அடுப்பாக இருந்த பழைய பீப்பாயின் மேல் இன்னொரு பாதிப் பீப்பாயை ஏற்றி, இரண்டு அடுக்குக் கம்பி வலைகள் வைக்கச் செய்தேன். பதினெட்டுக் கோழிகள் தாராளமாகக் கொள்ளும். மேலே புகைபோக்கி, அதன் கழுத்தில் கைப்பிடியுடன் ஒரு மூடுதகடு. அடுப்பு எரியும்போது இத்தகட்டை மூடக்கூடாது, அடைபட்ட இடத்தில் கரியின் நஞ்சு மணம்கூட இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும் என்று வெல்டர் இந்தியில் எச்சரித்தார். சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இருமுறை கேட்டுத் தெளிந்தேன்.

நோன்பு மாதமான ஷ்ராவணம் பிறந்துவிட்டால் அவருடைய மராட்டிய நண்பர்கள் இறைச்சியைத் தொடமாட்டார்கள். ஆகவே மழையைக் காரணம் காட்டி விருந்தை ஒத்திவைக்க வழியில்லை. ஜூலையின் கடைசி ஞாயிறு என்று முடிவாயிற்று. சாரல் அடிக்காதிருக்கப் பின்புறத்தைப் பத்ரா எனப்படும் தகரத் தகடுகளால் அடைத்து ஒரு கொட்டகையாக்கினேன். புகைபோக்கியைக் கூரைக்கு மேலே நீட்டினேன். கதவும் நானே பொருத்தினேன். எல்லாம் முடிந்தபின் வெள்ளை வண்ணம் தோய்த்து, மூடுதகட்டின் கைப்பிடிக்கு மேலே, தெளிவான எழுத்துகளில் ஒரே ஒரு சொல் எழுதினேன்.

மூடற்க.

மூடு என்பது பகுதி. அல் என்பது எதிர்மறை இடைநிலை. அதன் லகரம் றகரமானது சந்தி. க என்பது வியங்கோள் விகுதி. மூடாதிருக்க வேண்டும் என்பது பொருள். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

விருந்தன்று காலை பத்து மணிக்கு ஹரிபிரசாத் கரியை மூட்டினார். பாவ் ரொட்டி வாங்க அகல்யா ஔந்துக்குச் சென்றிருந்தாள். மழை வலுத்தது. அவர் கைப்பிடிக்கு எதிரே நின்று, விரலை ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் படித்தார்.

“மூ… ட… ற்… க. மூடறக்குங்களா மாமா?”

கோவை வட்டாரத்தில் மூடுவதற்கு என்பதை மூடறக்கு என்பார்கள். அவர் வீட்டார் மூன்று நாள் எங்களுடன் தங்கியிருந்தபோது அந்த உருபை நான் நன்கு கவனித்திருக்கிறேன்.

“புகை உள்ளயே நின்னாத்தான் கறி நல்லா வரும்னுங்களா?” என்றும் கேட்டார்.

“எழுதியிருக்கிறபடி செய்யுங்க மாப்பிள்ளை” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்” என்று சிரித்தார்.

நான் கூடத்துக்கு வந்து அமர்ந்தேன். சாரலுக்காக அவர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்ட ஓசை கேட்டது. சற்று நேரம் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். அரை மணிக்குப் பின் “மாமா” என்று ஒரு முறை அழைத்தார். குரல் தெளிவாக இல்லை. அது எட்டாம் வேற்றுமை, விளி. விளித்தவருக்கு விடை கூறியே ஆகவேண்டும் என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை. செய்தித்தாளின் மீதிப் பக்கங்களைப் படித்தேன்.

அகல்யா திரும்பிவந்து கதவைத் திறந்தாள். அவரை வெளியே இழுத்துப் போட்டாள். அவரால் எழ இயலவில்லை. அக்கம்பக்கத்தார் கூடினர். மருத்துவர் வந்து கையை விரித்தபின் அவள் தனியாகக் கொட்டகைக்குள் போனாள். மூடிய தகட்டைப் பார்த்தாள். மேலே எழுதியிருந்த சொல்லைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் படித்துவிட்டாள் என்று அறிந்து, ஓர் ஆசிரியனுக்கு உரிய நிறைவு எனக்கு உண்டாயிற்று என்பதை மறைக்கமாட்டேன்.

அடுத்த நாள் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தாங்கள் தேஹு ரோட்டிலிருந்து சின்னதுரை என்பவரை அழைத்துவந்தீர்கள். அவரும் என் பழைய மாணவர்; எட்டாம் வகுப்பை இருமுறை பயின்றவர். அவர் சற்றும் தயங்காமல், மூடறதுக்குன்னு எழுதிருக்கு சாப் என்றார். எரியும் அடுப்பை மூடச் சொல்லி யார் எழுதியது என்று தாங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நான் வாய் திறக்கும் முன்பே அகல்யா முந்திக்கொண்டாள்.

“அப்பாவுக்கு வயசாயிடுச்சு, சின்னதுரை அண்ணா. மூடாதேன்னு எழுத நெனச்சுத் தப்பா எழுதிட்டாரு. இப்பல்லாம் அவருக்கு எழுத்துப்பிழை நெறைய வருது. சார்கிட்ட அப்படியே சொல்லிடுங்க.”

அவள் குரல் நடுங்கவே இல்லை. தாங்களும் முதியவரின் எழுத்துப்பிழையால் நேர்ந்த விபத்து என்று மராட்டியில் எழுதி, என் தோளைத் தட்டிவிட்டுச் சென்றீர்கள்.

என் மகள் ஏன் அவ்வாறு கூறினாள் என்று பல நாள் யோசித்தேன். மூடற்க என்பதைப் பிரித்து எழுதத் தெரிந்தவள் அதனைப் பிழை என்கிறாள். கற்றதை மறந்துவிட்டாள் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. நேற்று எனக்குச் சோறு வைத்தாள். தட்டைப் பார்த்தபடியே, “இனிமே எதுவும் எழுதாதீங்கப்பா. யார் கேட்டாலும். உங்க கால்ல விழறேன்” என்றாள். கணவனை இழந்த துயரத்தில் தந்தையின் தமிழை அவமதிக்கவும் அவள் துணிந்துவிட்டாள். அதனால்தான் இதனை எழுதத் தொடங்கினேன். தமிழ் நன்கறிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்யுங்கள்; சின்னதுரை வேண்டாம்.

சொல்லின் பொருளை மட்டும் விளக்கி நான் நிறுத்திக்கொள்ளலாம். எச்சரித்துத்தான் எழுதியிருக்கிறார், பாவம் என்று தாங்களும் கோப்பை மூடிவிடுவீர்கள். ஆனால் மூடாதீர் என்று எளிதாக எழுதியிருக்கலாமே, இவ்விடத்தில் இச்சொல் ஏன் வந்தது என்னும் வினா எஞ்சும். விடையைப் பாதியில் நிறுத்திய மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் அளித்ததில்லை. மூடாதீர் என்று எழுதியிருந்தால் ஹரிபிரசாத் இன்று அலுவலகத்தில் இருப்பார். ஆகவே அவ்வாறு எழுதவில்லை. சொல்லைத் தேர்ந்தவன் நான். அவர் அதனை எவ்வாறு படிப்பார் என்று அறிந்தே தேர்ந்தேன்.

தங்கள் கோப்பில் என் பெயருக்கு எதிரே உள்ள எழுத்துப்பிழை என்னும் சொல்லை மட்டும் அடித்துவிட வேண்டுகிறேன். நான் கொலை செய்தேன். பிழை செய்யவில்லை.