பேர் அடிச்ச பனியன்

— லைட்டப் போடாதீங்க ரோஸக்கா. மொதல்ல கதவச் சாத்துங்க.

— சாத்தியாச்சு. மொதலாளி மக லேபர் ஆஸ்டலுக்குள்ள இந்நேரத்துல என்னத்துக்கு பாப்பா வந்த? யாரும் பாத்தா என் சீட்டுல்லா கிழியும்.

— அப்பா படுத்துட்டாருங்க. நான் பின்பக்கமா வந்தேன். அக்கா, அந்த வீடியோவ முனீஸ் அண்ணன் எடுக்கலீங்க.

— பெறகு யாரு எடுத்தா?

— நாந்தானுங்க.

— மெதுவாப் பேசு வர்ஷினி. பிள்ளைக எல்லாம் தூங்குது. ம், சொல்லு.

— ஞாயித்துக்கெழம பேக்கிங்ல ஆருமே இல்லீங்க. பச்சப் பனியன் கூரை முட்ட அடுக்கியிருந்துச்சு. ஒரு பாட்டப் போட்டு சும்மா ரீல்ஸ் எடுத்தேன். வேற பேர்ல ஒரு ஐடி வெச்சிருக்கேனுங்க, அதுல போட்டேன். என்ர மூஞ்சி வரல. கை மட்டுந்தான்.

— ரீல்ஸ் எடுக்காத பிள்ள எது? இங்கயே மெஷின்ல உக்காந்துக்கிட்டு நடிக்கத்தான செய்யுதுக.

— பெட்டி மேல எழுதியிருந்தது தெரிஞ்சுபோச்சுங்க. ஆர்டர் குடுத்த நாட்டுப் பேரு, அமைதிப்படைன்னு, போற ஊரு, எல்லாம். அவங்க பக்கத்து நாட்டுல சண்ட நடக்குதுங்களாமா. அத நிறுத்தறதுக்கு இவங்க ஆளுக போகோணுமா வேண்டாமான்னு அங்க தெருத்தெருவாத் தகராறுங்க. இன்னும் முடிவே பண்ணலைன்னு அவங்க மந்திரி போன வாரங்கூட டிவில சொல்லியிருக்காரு.

— முடிவு பண்ணாமலா பனியன் தைக்கச் சொன்னான்? நாம வெட்ட ஆரம்பிச்சு ரெண்டு மாசமாச்சே.

— அதேதானுங்க அங்க எல்லாரும் கேக்கறாங்க. நெஞ்சுல ஒவ்வொரு சிப்பாயி பேரும் அடிச்சிருக்குதல்லங்க? வீடியோல கொஞ்சம் பேரு படிக்கற மாதிரியே தெரியுது. அவங்க ஊட்டு ஆளுகளுக்கே அதப் பாத்துத்தான் தெரிஞ்சுதாமா.

— யேசப்பா. இதே பனியன் காதர்பேட்டை கடைத்தெருவுக்கு விக்கப் போயிருந்தா ஒரு பய ஏறிட்டுப் பாத்திருக்க மாட்டான்.

— ஒரு அம்மா எனக்கு மெசேஜ் போட்டாங்கக்கா. மகளேன்னு கூப்புட்டு எழுதறாங்க. அவங்க பையன் பேரு டேனியல். ஒல்லியா இருப்பானாமா, சின்ன சைஸுதான் போடுவானாமா. பெட்டியில அவம் பேரு இருக்குதான்னு பாத்துச் சொல்லுன்னு கேக்கறாங்க.

— எங்க சித்தப்பா மகனும் டேனியல்தான். பாத்தியா?

— சாப்பாட்டு நேரத்துல போயி சின்ன சைஸ் பெட்டியத் தொறந்தேன். மேலாலயே இருந்துச்சுங்க. முழுப்பேரும் அதேதான்.

— என்ன பதில் போட்ட?

— போடலீங்க. என்னன்னு போடறது? இருக்குதுன்னு சொன்னா அந்தம்மா என்ன ஆவாங்க? இல்லைன்னு பொய் சொன்னா, நாளைக்கு அவன் கெளம்பறப்ப?

— போன் இப்ப கையில இருக்கா?

— அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடிட்டு வந்தேன். அது மின்னிக்கிட்டே இருக்குதுங்க. பாக்கவே பயமா இருக்குது.

— எங்க போனெல்லாம் அந்த வீடியோ வந்த அன்னிக்கே வார்டன் பீரோவுக்குப் போயிட்டு. ஊருக்குக்கூடப் பேச முடியல.

— என்னாலதான். முனீஸ் அண்ணன் எங்கீங்க இருக்காரு?

— செக்யூரிட்டி ரூம்ல. உள்ள உக்கார வச்சிருக்காக. நான் எடுக்கல அத்த, எடுக்கல அத்தன்னு அழுதான். சோத்த அப்படியே வச்சிருக்கான்.

— எடுத்தவன போலீஸ்ல குடுங்க, இல்லாட்டி மொத்த ஆர்டரும் கேன்சல்னு ஆர்டர் புடிச்சுக் குடுத்த ஏஜண்டு சொல்லிப்போட்டானாமா. அப்பா இவரக் கை காட்டிட்டாரு. அம்மாகிட்டச் சொல்லிட்டு இருந்தாரு, நான் கேட்டேன். காலைல அஞ்சு மணிக்கு ஏஜண்டே கார் கொண்டாந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறானாமா. அதுக்குள்ள அப்பாவ எழுப்பிச் சொல்லிப்போடணும். தனியாப் போகப் பயமா இருக்குதுங்க. நீங்க கூட வாங்கக்கா. முனீஸ் அண்ணன ஊர்ல இருந்து நீங்கதான கூட்டியாந்தீங்க?

— நாந்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல வச்சு அவங்க அம்மா செல்லத்தாய் அவன் கையப் பிடிச்சு எங்கையில குடுத்தா. பனியன் கம்பெனிக்குத்தான வாரான், பட்டாளத்துக்கா போறான், அழாதன்னு சொன்னேன்.

— அப்ப எந்திரிங்க, போலாம்.

— உக்காரு. இந்தா, தண்ணி குடி. போயி என்னத்தப் பேசுவ? எங்கிட்ட ஒருக்கச் சொல்லிப் பாரு.

— அப்பா, அத எடுத்தது நானுங்க. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. அவர விட்டுருங்க.

— கோர்ட்டு கேஸுன்னு அலஞ்சா உன்னைய எவன் கட்டுவாம்பாரு உங்கப்பா.

— எனக்கு இன்னும் பதினெட்டே ஆகலீங்க. என்னையத் திட்டித்தான் அனுப்புவாங்க. அவர அடிப்பாங்கக்கா.

— அடிப்பாகதான்.

— ஆர்டர் போனா இங்க இருக்கற அக்காங்களுக்கெல்லாம் வேலை இல்லைன்னும் சொல்லுவாரு. அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க. ஆனா அப்பா கெட்டவரு இல்ல. தெரியாமத்தான முனீஸ் அண்ணன் பேரச் சொல்லியிருக்காரு? தெரிஞ்சா விட்டுருவாரு.

— அந்த வீடியோவுல கையில என்ன போட்டிருந்த?

— போன பொறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் குடுத்த காப்பு. ஏனுங்க?

— ஒண்ணுமில்ல. அந்தம்மா வேற என்னல்லாம் எழுதியிருந்தா?

— இப்ப எதுக்குங்க அது? நேரம் ஆவுதல்ல?

— சொல்லேன். கேப்போம்.

— நேத்து ராத்திரி மட்டும் பதினோரு தடவ எழுதியிருக்காங்க. போகச் சொல்றதுன்னா எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாமே, எங்கியோ ஒரு ஊர்ல தைக்கற பனியனப் பாத்தா நான் தெரிஞ்சுக்கோணும்னு ஒண்ணு. அவனுக்குத் தண்ணி மாறுனா ஒத்துக்காதுன்னு ஒண்ணு. அக்கா, அது என்னங்க சத்தம்?

— வாட்ச்மேன் வெள்ளியங்கிரி. ஆஸ்டல் கேட்டப் பூட்டுறான்.

— வெளிய இருந்துங்களா?

— தெனமும் வெளிய இருந்துதான். உங்க கம்பெனிதான பாப்பா, தெரியாதா? ஷிப்டுக்கு ஆறு மணிக்குத் தொறப்பாக.

— ஆறுங்களா? அஞ்சுக்கே அவரக் கூட்டிட்டுப் போயிருவாங்களே. தள்ளுங்க, நான் சன்னல்ல நின்னு கூப்புடறேன். என்ர கொரல் அவருக்குத் தெரியும். வெள்ளியங்கிரியண்ணா. அண்ணா, வர்ஷினிங்க. உள்ள இருக்கறேன். தொறங்கண்ணா.

— போதும். வா இங்க.

— இந்தப் பக்கம் பாத்துட்டுத்தான் போறாருங்க. நின்னு பாத்துட்டுப் போறாரு. ஏனுங்க?

— பனி விழுது. இதப் போத்திக்கோ.

— எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. இதென்ன, ஓரத்துல சாட்டின் பிஞ்சு தொங்குது. இது என்ர போர்வைங்க. என்ர கட்டில்ல கெடந்தது இங்கெப்படி வந்துச்சு?

— சாயங்காலமே உங்கம்மா மடிச்சுக் குடுத்துவிட்டாக பாப்பா. நீ எங்கிட்டத்தான் வருவ, பூட்டுற வரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருன்னு உங்கப்பா சொன்னாரு.