ஜாக்கியில் நின்ற வண்டி

— ஜாக்கிய மட்டும் நம்பாத மச்சான். அந்த மரக்கட்டைய அடியில தள்ளு. வண்டி தலைமேல இறங்கிட்டா தங்கச்சிக்கு, உன் பொண்டாட்டிக்கு, நான் என்ன பதில் சொல்றது?

— தள்ளிட்டேன் மாப்ள. நீ ஆரம்பி.

— பஸ் டிப்போவுல பத்து வருஷமா பிட்டர் வேலை. ஞாயித்துக்கிழமையாவது கையில கிரீஸ் படாம இருக்கலாம்னா, சிநேகிதன்னு ஒருத்தன் வாய்ச்சிருக்கான் பாரு. சரி, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடு. அது பதினாலு, ராசா!

— இந்தா.

— ஷாக் அப்சார்பர் மட்டும்தானே போன்ல சொன்ன? இந்த அட்டைப்பெட்டியில என்ன?

— அது வந்து... சக்கரத்தத் தாங்குற கீழ் ஆர்முக்குப் போடுற ரப்பர் புஷ். இடது பக்கத்துக்கு. இருக்கட்டுமேன்னு வாங்கினேன்.

— எட்டு மாசமா காரு தார்ப்பாய்க்குள்ள கிடக்கு. கழட்டிக்கூடப் பாக்கல. இடது பக்க புஷ்தான் போயிருக்குன்னு எப்படித் தெரியும்? ஜோசியமா?

— கடைக்காரன் சொன்னான். எதுக்கும் மாத்திடலாமே.

— டார்ச்ச கிட்ட காட்டு... ஐயையோ! இந்த ரப்பரப் பாரு மச்சான்.

— தேஞ்சிருக்கும். பள்ளம் மேட்டுல ஓடுன வண்டிதானே.

— தேஞ்சா இப்படியா இருக்கும்? ஈரத்துணியப் பிழிஞ்ச மாதிரி முறுக்கிக் கிழிஞ்சிருக்கு. சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே போல்ட்ட இறுக்கினா இப்படித்தான் ஆகும். வண்டி தரையில நின்னு, பாரம் இறங்கின பிறகுதான் கடைசியா இறுக்கணும். டிப்போவுக்குப் புதுசா வர்றவனுக்கு மொத நாள் பாடமே இதுதான்.

— சரி விடு. புதுசப் போடு.

— எப்படி விடுறது? போன வருஷம் இதே இடத்துல இத மாட்டினது யாரு? நான்தானே!

— மாப்ள...

— பிரேக் புடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்டா! தங்கச்சி அன்னைக்கு அதைத்தானே சொல்லுச்சு? "நான் ஸ்டியரிங்க நேராத்தான் புடிச்சேன், வண்டி தானா இழுத்துச்சு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு சொல்லுச்சே. சுவத்துல மோதி, பாப்பா தாடையில நாலு தையல். நாம யாராவது நம்பினோமா?

— மெதுவா பேசு. உள்ள கேக்கும்.

— கேக்கட்டும்! "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு நான்தானே கேலி பண்ணேன்? ஆஸ்பத்திரி வராண்டாவுல, உங்கம்மா முன்னாடி! அன்னையிலேர்ந்து அது சாவியத் தொடல. ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போகுது. எல்லாம் இந்தக் கை செஞ்ச பாவம். நகரு, கால்ல விழுந்தாவது சொல்லிட்டு வரேன்.

— போகாத.

— கைய விடு மச்சான்.

— நீ இல்ல.

— என்ன நான் இல்ல?

— அந்த போல்ட்ட இறுக்கினது நீ இல்ல. அன்னைக்கு டிப்போவுலேர்ந்து போன் வந்து, பாதியில கிளம்பினியே, மறந்துட்டியா? போறப்ப என்ன சொன்ன?

— சக்கரத்த மாட்டி, வண்டியக் கீழ இறக்கிட்டு, அப்புறமா இறுக்குன்னு...

— மழை தூற ஆரம்பிச்சுது. கீழ இறக்கிட்டா சேத்துல படுத்துத்தான் இறுக்கணும். என்ன ஆகிடப் போகுதுன்னு மேல நிக்கும்போதே இறுக்கிட்டேன்.

— அடப்பாவி.

— மோதின அன்னைக்குச் சாயங்காலமே குனிஞ்சு பாத்தேன். ரப்பர் பிஞ்சு தொங்குச்சு.

— பாத்துட்டுமா? பாத்துட்டுமா "அவளுக்கு ஓட்டத் தெரியல"ன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொன்ன?

— அம்மா கத்தினாங்க, பாப்பா அழுதா, அந்த நேரத்துல வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அதுக்கு மறுநாள்... நாளாக ஆக முடியாமலே போயிடுச்சு மாப்ள. காலையில அவ சாப்பாட்டுப் பையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கறப்ப நான் ஜன்னல் பக்கமே போறதில்ல.

— "என்ன தங்கச்சி, சுவரெல்லாம் சௌக்கியமா"ன்னு வாராவாரம் வந்து கிண்டலடிச்சேனேடா! பக்கத்துலயே உக்காந்து சிரிச்சியே! உன் வாயையும் சேத்தா தச்சாங்க?

— வண்டியச் சரி பண்ணிட்டா நேராப் போகும், அவளும் மறுபடி ஓட்டுவா, அப்படியே மறைஞ்சு போயிடும்னு நெனச்சேன்.

— சொல்லாமலேவா?

— சொல்லாமலே.

— என்னங்க, ரெண்டு பேரும் கையத் துடைச்சிட்டு டீயக் குடிங்க. ஆறிடும்.

— தங்கச்சி! நீ எப்பம்மா வந்த?

— நீங்க கட்டைய அடியில தள்ளச் சொன்னப்பவே ஜன்னல்லதான்ணே நின்னேன்.

— நானே உங்கிட்ட சொல்றதாத்தான் இருந்தேன். இன்னைக்கே. சத்தியமா.

— பம்பரை நிமுத்த டிங்கர்காரர் வந்தாரே, மோதின மூணாம் நாள். நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க. என்னைக் கூப்பிட்டு, குனியச் சொல்லி, பிஞ்ச ரப்பரைக் காட்டி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கினதால வந்ததுன்னு சொல்லிட்டார். அன்னைக்கு மழையில இறுக்கினது நீங்கதானே.

— அப்பவே தெரியுமா? தெரிஞ்சுமா ஓட்டல? ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

— நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். இப்ப எங்கிட்ட சொல்ல வேண்டாம், எனக்குத்தான் தெரியுமே. உள்ள போய் பாப்பாகிட்ட சொல்லுங்க.

— அவ எட்டு வயசுக் குழந்தை. அவளுக்கு இதெல்லாம் என்ன புரியும்?

— தையல் பிரிச்ச அன்னைக்கு என் கழுத்தக் கட்டிக்கிட்டு, "பரவால்லம்மா, உன்னை மன்னிச்சுட்டேன்"னு சொன்னா. எல்லாம் தெரிஞ்சும், "சரி கண்ணு"ன்னு வாங்கிக்கிட்டேன்.