சோபாக் கையில் ஒரு கையெழுத்து

– தேய்க்காதீங்கம்மா, தேய்ச்சா மை இன்னும் பரவும். அந்தத் துணியை இப்படிக் குடுங்க.

– காலைலேருந்து சோப்புத்தண்ணி, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் தம்பி. அசைய மாட்டேங்குது. வேற வழியில்லாமத்தான் உங்களுக்கு போன் போட்டேன்.

– பதறாதீங்க. லெதர் சோபா துடைக்கிறதுதானே எனக்குப் பொழப்பு. முதல்ல அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு சொட்டு ஸ்பிரிட் வெச்சுப் பாப்போம். ம்... சாயம் நிக்குது. துணிஞ்சு இறங்கலாம். பேரப்பிள்ளை வேலையாம்மா?

– ஆமா. நாலு வயசு. சொன்ன பேச்சே கேக்கறதில்ல.

– நாலு வயசுப் பிள்ளை இப்படியா எழுதும்? இது கிறுக்கல் இல்லைம்மா. சோபாக் கை முழுக்க ஒரே கையெழுத்து, திரும்பத் திரும்ப.

– உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. எங்க வீட்டுக்காரர்தான். பெரிய ஆபீசரா இருந்தவர், ஒரு நாளைக்கு இருநூறு காகிதத்துல கையெழுத்துப் போட்ட கை. இப்ப ஞாபகம் நழுவுது தம்பி. பேனா கிடைச்சாப் போதும், இங்க உக்காந்து ஆரம்பிச்சிடுறார்.

– சார் எங்க?

– உள்ள படுத்திருக்கார். சாயங்காலம் மகன் வர்றான். போன தடவையே, "உன்னால ஒண்டியா முடியாதும்மா, ஹோம்ல விட்டுடலாம்"னு குதிச்சான். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடா"ன்னு நான்தான் அவன் வாயை அடைச்சு அனுப்பினேன். இதைப் பாத்தான்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவான். நாப்பத்தோரு வருஷம் தம்பி. அவர் இல்லாத வீட்டுல நான் சுவரோடயா பேசறது?

– புரியுதும்மா. இந்தப் பக்கம் பஞ்சை ஒத்தினதுமே வந்துடுது. புது மை. வெறும் கோடு, எழுத்தே இல்ல.

– நேத்து போட்டது.

– ஓரத்துல இருக்கிற ஒண்ணுதான் அடம் பிடிக்குது, உள்ள இறங்கிடுச்சு. ஆனா அச்சடிச்ச மாதிரி இருக்கு, முழுப் பேரும் படிக்க முடியுது. இதை மட்டும் விட்டுட்டு மேல ஒரு துண்டு போட்டுக்கறீங்களா?

– வேண்டாம் தம்பி. அவன் துண்டைத் தூக்கிப் பாக்கிற ரகம். அதுதான் முதமுதல்ல போட்டது. நான் கத்தின கத்துல ரெண்டு நாள் மனுஷன் என் முகத்தையே பாக்கல.

– சரி, கொஞ்சம் கொஞ்சமா ஒத்தி எடுக்கறேன். அவசரப்பட்டா தோல் வெளுத்துடும்.

– போகுதா?

– போகுது... போயிடுச்சும்மா. கிரீம் தடவிட்டா இடமே தெரியாது.

– வயித்துல பாலை வார்த்தீங்க தம்பி.

– யாரு இவரு? என் சோபாவுல என்ன பண்றாரு?

– எழுந்துட்டீங்களா? அழுக்கைத் துடைக்க வந்திருக்கார்ங்க. பாத்து வாங்க. சாயங்காலம் உங்க புள்ள வர்றான்.

– வணக்கம் சார். இங்க உக்காருங்க.

– இந்த ஓரத்துல இருந்துச்சே, எங்க?

– மைக்கறைதானேங்க. போகட்டும்.

– கறை இல்லடி. அது ஒண்ணைத்தான் தப்பில்லாம எழுதி வெச்சிருந்தேன். நம்ம புள்ள வந்ததும் முதல்ல என் பேரைத்தான் கேக்கறான். சொல்லத் தெரியலைன்னா உன்னை விட்டுப் பிரிச்சிடுவானேன்னு, தினம் அதைப் பாத்துத்தான் எழுதிப் பழகிக்கிட்டிருந்தேன்.