பாலைவனத்தில் கை கழுவியவர்

தண்ணி தேடி ஓடுறேன். கையில காலி கேன். முட்டியில இடிக்குது. டொக். டொக். மதியம் ரெண்டு மணி. மேற்கு டெக்ஸாஸ் பாலைவனம். பின்னாடி பாறை நிழல்ல செந்தில் கிடக்கான். என் புருஷன். வேர்வை நின்னுபோச்சு. பேச்சு குழறுது. போன்ல சிக்னல் இல்ல.

அவன் பக்கத்துல பாஸ்கர். செந்திலோட மேனேஜர். எங்க ஊர் ஃபிரிஸ்கோவுலேர்ந்து எங்களைக் கூட்டிட்டு வந்தவர். அமெரிக்காவுலயும் சார்னுதான் கூப்பிடணும். நடக்கப்போறது சின்ன ட்ரெயில்தான், ஒரு கேன் போதும்னு மிச்சத் தண்ணியை கார்லயே விடச் சொன்னவர்.

காலையில புளிசோறு சாப்பிட்டோம். கையாலதான். முடிச்சதும் பாஸ்கர் கேனைச் சாய்ச்சார். கை கழுவினார். வாய் கொப்பளிச்சுத் துப்பினார். மறுபடி கொப்பளிச்சார். வீட்டுக் குழாய்னு நெனப்பு.

"குடிக்கிற தண்ணி சார் அது!" கத்தினேன்.

செந்தில் என் கையை அமுக்கினான். "விடு மேகலா. கிரீன் கார்டு ஃபைல் அவர் கையில இருக்கு."

விட்டேன். திரும்புற வழியில பாதை தவறிப்போச்சு. செந்தில் விழுந்தான்.

மலை இடுக்குல பச்சை தெரியுது. மரம். தேனீ சத்தம். கிட்டப் போனா இன்னொரு சத்தம். சொட். சொட். பாறை வெடிப்புல ஊத்து. பாதிக் கேன் நிறையவே யுகமாச்சு.

திரும்பி ஓடினேன். செந்தில் வாயில ஊத்தினேன். கடைவாய் வழியா மண்ணுல வழிஞ்சுது. மூச்சு இல்ல.

பாஸ்கர் ரெண்டு கையையும் ஏந்தினார்.

"மொதல்ல கை கழுவுங்க சார்."

ஊத்தினேன். விரலிடுக்குல ஒழுகி மணல்ல இறங்குது. பாத்துக்கிட்டே இருந்தார். அழுதார். மறுபடியும் ஊத்தினேன். அப்புறம்தான் மிச்சத்தைக் குடிக்கக் குடுத்தேன். இரக்கப்பட்டு இல்ல. அந்தாள் உயிரோட இருந்து நான் இதைச் சொல்றதைக் கேக்கணும்.

சாயங்காலம்தான் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சு. கார் தனியா நிக்கிறதைப் பாத்து யாரோ போலீசுக்குச் சொல்லியிருக்காங்க.

வயித்தெரிச்சல்ல எழுதுறாம்பீங்க. ஆமா, வயித்தெரிச்சல்தான். நம்ம தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுல அவருக்குப் பொன்னாடை போத்தினீங்களே, அடுத்த தடவை போத்துறப்போ அந்தக் கையைப் பாருங்க.

போனது செந்தில். வயசு முப்பத்தாறு. அவனோட சேந்து என் விசாவும். வாடகை வீடும். அந்தக் கிரீன் கார்டு ஃபைலையும் க்ளோஸ் பண்ணிட்டாங்க. பிழைச்சது பாஸ்கர் ஒருத்தர். என்னை எதுல சேக்கிறதுன்னு எனக்கே தெரியல.